கோத்தகிரியில் தனி வக்கீல் அலுவலகம்: மலையிலேயே இருக்கலாமா, இறங்கிவிட வேண்டுமா?

9 ஜூன் 2025 – கேள்வி

"மேடம், சீனியர் அலுவலகத்திலிருந்து வெளியே வந்து கோத்தகிரியில் தனியாகத் தொழில் தொடங்க எண்ணியிருக்கிறேன். கேட்டவர்கள் அனைவரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். மலையில் வழக்குகளும் குறைவு, கொடுக்கும் பணமும் குறைவு, வளர வேண்டுமானால் கோவைக்கு இறங்கிவிடு என்கிறார்கள். இது உண்மையா?"

9 ஜூன் 2025, இரவு

பாதி உண்மை. வணிக வழக்குகளும் கம்பெனி வேலைகளும் பெரிய கடன் வசூல்களும் மலையேறி வருவதில்லை. கோவை நீதிமன்ற வளாகத்தில் ஒரு நாளில் அழைக்கப்படும் வழக்குகளோடு கோத்தகிரி முன்சீப் நீதிமன்றத்தின் அன்றாடப் பட்டியலை ஒப்பிட்டுப் பார்த்தால் யாருக்கும் மனம் சோரும்.

ஆனால் இங்கே நிலம் இருக்கிறது, தம்பி. தாத்தா பெயரிலேயே நிற்கும் கூட்டுப் பட்டா, வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டு பதிவே செய்யாத தேயிலைத் தோட்டம், அரசு நிபந்தனையோடு ஒப்படை செய்து பின்னர் கைமாறிய மனை, திட்ட அனுமதியில்லாமல் எழும்பி முத்திரை வைக்கப்பட்ட விடுதி ஆகியவை எல்லாம் இந்த மாவட்டத்தின் அன்றாடச் சரக்கு. கீழே இருக்கும் வக்கீலுக்கு இவற்றில் பாதி புரியாது. புரிந்தாலும், சரிவில் இறங்கி நான்கெல்லையைப் பார்க்க அவருக்கு நேரம் இருக்காது. மலையில் இருப்பவருக்குப் பிழைப்பு அங்கேதான் இருக்கிறது.

நான் கண்டவரையில் இங்கே ஒரு சிறு அலுவலகம் வளர்வது, எடுத்த வழக்குக் கட்டை முடித்துக் கையில் கொடுப்பதால்தான். ஒரு ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், ஒரு குடும்பத்தின் பாகப்பிரிவினை ஒழுங்காக முடிந்தால் அந்த ஊரே அடுத்த முறை உங்கள் படியேறும். ஒரு வழக்கு வாய்தா வாய்தாவாக இழுத்துக்கொண்டே போனால் அதுவும் அதே வேகத்தில் ஊருக்குத் தெரிந்துவிடும். ஆகவே வருகிற எல்லா வேலையையும் எடுக்க வேண்டாம். எத்தனை கட்டுகளை நாள் தவறாமல் சுமக்க முடியுமோ அத்தனையை மட்டும் எடுங்கள். குற்றவியல் வழக்குகளை முதல் இரண்டு ஆண்டுகளுக்குத் தொடாமலிருப்பது நல்லது என்பது என் கருத்து.

11 ஜூன் 2025

நிலக் கட்டு என்று சொன்னேனே, அதை எப்படிப் படிப்பது என்று தனிச்செய்தியில் கேட்டிருக்கிறீர்கள். மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

கட்சிக்காரர் பெரும்பாலும் ஒரு துணிப்பையோடு வருவார். அதில் கடைசிக் கிரயப் பத்திரம் மேலே இருக்கும். அதை முதலில் கையில் எடுக்காதீர்கள். பையை முழுவதும் மேசையில் கொட்டி, தாள்களை ஆண்டு வாரியாக அடுக்கி, மூலப்பத்திரத்திலிருந்து கீழ்நோக்கி வாருங்கள். ஒவ்வொரு கைமாற்றத்திலும் சர்வே எண்ணும் பரப்பும் நான்கெல்லையும் முந்தைய பத்திரத்தோடு பொருந்துகின்றனவா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டே வர வேண்டும். 1980களில் முடிந்த யு.டி.ஆர். என்ற நில உரிமைப் பதிவேடு மேம்பாட்டுத் திட்டத்தில் சர்வே எண்கள் மாறியதும், அனுபவத்தில் இருந்தவர் பெயர் விடுபட்டு வேறொருவர் பெயர் பட்டாவில் ஏறியதும் இங்கே சர்வசாதாரணம். பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள தொடர்பைத் தாலுகா அலுவலகப் பதிவேட்டில் பார்த்து உறுதி செய்யாமல் பிராதில், அதாவது வழக்கைத் தொடங்கும் மனுவில், சொத்து விவரம் எழுதக் கூடாது. அந்தச் சொத்து விவரத்தில் நேர்ந்த பிழை தீர்ப்பாணை வரை ஓடி, நிறைவேற்று மனுவின் வாசலில்தான் வெளிப்படும்.

இணையத்தில் எடுக்கும் வில்லங்கச் சான்று 1975க்குப் பிந்தைய பதிவுகளைத்தான் காட்டும். அதற்கு முன்னால் போக வேண்டுமானால் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடும்படி மனுப் போட வேண்டும். தோட்ட நிலங்களுக்கு அந்தப் பழைய காலம்தான் முக்கியம். 1949ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்துக்குள் அந்த நிலம் வந்திருந்தால், மாவட்டக் குழுவின் முன் அனுமதியில்லாமல் அதை விற்கவோ அடமானம் வைக்கவோ குத்தகைக்கு விடவோ முடியாது. அனுமதி எண்ணைக் கேளுங்கள். "எல்லோரும் வாங்கியிருக்கிறார்கள் வக்கீலம்மா" என்பது அனுமதி ஆகாது.

இதில் பயிற்சி வந்துவிட்டால் வழக்கில்லாத வருமானம் ஒன்று உருவாகும். நிலம் வாங்குவதற்கு முன்னால் உரிமை சரியா என்று சட்டக் கருத்துரை கேட்டு வருபவர்களும் வங்கிகளின் வழக்கறிஞர் பட்டியலில் இடம் கிடைப்பதும் மாதச் செலவுக்குத் தாங்கும். கருத்துரையில் பார்த்த ஆவணங்களையும் பார்க்கக் கிடைக்காத ஆவணங்களையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். தவறான கருத்துரை கொடுத்ததற்காக மட்டும் ஒரு வழக்கறிஞரைக் குற்றச் சதியில் சேர்க்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2012இல் நாராயண ராவ் வழக்கில் சொல்லியிருக்கிறது. சதியில் பங்கெடுத்ததற்கு வேறு சான்று வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பு இருக்கிறது என்பதற்காகக் கவனம் குறையக் கூடாது.

12 ஜூன் 2025

பெயர்ப்பலகையில் "நில வழக்குகள் சிறப்பு" என்று எழுதலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கூடாது. பார் கவுன்சில் விதிகளில் 36ஆவது விதி பலகையின் அளவு நியாயமாக இருக்க வேண்டும் என்றும், குறிப்பிட்ட வகை வழக்கில் தேர்ந்தவர் என்று அதில் காட்டக் கூடாது என்றும் சொல்கிறது. 2008இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி சொந்த இணையதளத்தில் பெயர், முகவரி, பதிவு எண், கல்வித்தகுதி, தொழில் செய்யும் துறை போன்ற அனுமதிக்கப்பட்ட விவரங்களை மட்டும் குறிப்பிடலாம். இணையத் தளங்கள் வழியாக வழக்கறிஞர்கள் ஆள் பிடிப்பதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் கடுமையாகத் தீர்ப்பளித்திருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் "வெற்றி பெற்ற வழக்கு" என்று படம் போடும் இளையவர்கள் அதை ஒருமுறை முழுவதும் படிக்க வேண்டும்.

20 ஜூன் 2025

கட்டணம். இந்த இழையில் அதிகம் பேர் கேட்டது இதைத்தான்.

மலையில் கட்சிக்காரரும் வக்கீலும் ஒரே ஊர், ஒரே கோயில் திருவிழா, ஒரே கல்யாண மண்டபம். இந்த நெருக்கத்தால் பணத்தைப் பற்றி முதல் நாளில் யாரும் பேசுவதில்லை. "பார்த்துச் செய்யுங்கள்" என்று அவர் சொல்வார், "பார்த்துக்கொள்ளலாம்" என்று நாம் சொல்வோம். மூன்று ஆண்டுகள் கழித்து இருவரும் வெவ்வேறு தொகையை மனத்தில் வைத்திருப்பார்கள். வழக்கு தோற்றால் மனக்கசப்பு, வென்றாலும் மனக்கசப்பு.

நான் முதல் சந்திப்பிலேயே ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுக்கிறேன். தமிழில்தான். என் கட்டணம் எவ்வளவு, எந்தக் கட்டத்தில் எவ்வளவு தர வேண்டும், நீதிமன்றக் கட்டணம், வக்காலத்து முத்திரை, சம்மன் பேட்டா, நகல் செலவு, நீதிமன்றம் நியமிக்கும் ஆணையரின் செலவு ஆகியவை தனி என்பதெல்லாம் அதில் இருக்கும். மேல்முறையீடு இந்தக் கட்டணத்தில் அடங்காது என்பதைக் கடைசி வரியில் எழுதி, அதை மட்டும் வாய்விட்டு வாசித்துக் காட்டுவேன். எழுத்துப் படிக்காத மூதாட்டிகள் வந்தால் கடிதம் முழுவதையும் வாசிப்பேன். கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிய பின் ஒரு நகல் அவர்களிடம், ஒன்று வழக்குக் கட்டில்.

கட்சிக்காரர் கொடுத்த பணத்துக்குத் தனிக் கணக்கு எழுத வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. கட்டணமாக வந்தது எது, செலவுக்காக வந்தது எது என்று பிரித்துக் காட்டியிருக்க வேண்டும். நிறையப் பேர் இரண்டையும் ஒரே சட்டைப்பையில் வைக்கிறார்கள். வீட்டில் ஒரு மருத்துவச் செலவு வரும் நாளில் நீதிமன்றக் கட்டணத்துக்கு வாங்கிய பணம் கரைந்துபோய், பிராது தாக்கலாகாமல் நின்றுவிடுகிறது. இதைவிட ஒரு சிறு அலுவலகத்தைக் கெடுக்கும் பழக்கம் வேறொன்றும் எனக்குத் தெரியாது.

விபத்து இழப்பீட்டு வழக்குகளில் வரும் தொகையில் நூற்றுக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்வது வழக்கம்தானே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வழக்கத்தில் இருக்கிறது என்பது உண்மை. முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசக் கூடாது என்று 20ஆவது விதி சொல்வதும் உண்மை. கணவனை இழந்த பெண்ணின் கணக்கில் வந்து விழுந்த தொகையிலிருந்து பங்கு கேட்பதை என்னால் எந்த வாதத்தாலும் நியாயப்படுத்த முடியவில்லை. நிலையான கட்டணம் பேசுங்கள். இப்போது தர முடியாதென்றால் தவணை கொடுங்கள்.

21 ஜூன் 2025

தவணை பற்றி ஒரு சிறு சேர்க்கை. சிறு தேயிலை விவசாயிக்குத் தொழிற்சாலையிலிருந்து கொழுந்துப் பணம் மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. பனி விழும் டிசம்பர், ஜனவரியில் கொழுந்தும் இல்லை, பணமும் இல்லை. தவணைகளை வரத்து கூடும் மாதங்களில் வைத்தால் அவரும் கொடுப்பார், நாமும் கேட்டுக் கேட்டு முகம் கறுக்க வேண்டியதில்லை. கேரட், உருளை போடுகிறவர்களுக்குக் கணக்கு வேறு. மேட்டுப்பாளையம் மண்டி விலையைப் பொறுத்தது அது.

6 ஜூலை 2025

பாகப்பிரிவினை வழக்கை ஏன் முடித்துக் கொடுக்க வேண்டும் என்று அவ்வளவு அழுத்திச் சொன்னேன் என்பதை விளக்க வேண்டியிருக்கிறது.

இந்த வழக்குகள் கூடியதற்குப் பெண்களின் பங்குதான் முதற்காரணம். தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் மணமாகாத மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை கொடுத்தது. 2005இல் மத்தியச் சட்டம் அதை எல்லா மகள்களுக்கும் ஆக்கியது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவு செய்யப்பட்ட பாகப்பிரிவினையைத் திறக்க முடியாது. வருகிற சகோதரியிடம் இந்த ஒரு நாளை முதலில் கேட்டறிந்தால் அவருடைய பாதிக் கவலையை அன்றே தீர்த்துவிடலாம், அல்லது வீண் நம்பிக்கையை அன்றே கலைத்துவிடலாம்.

நீதிமன்றக் கட்டணத்திலும் இதே போல ஒரு முடிச்சு உண்டு. சொத்து கூட்டு அனுபவத்தில் இருக்கிறது என்றால் தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 37(2) பிரிவின்படி நிலையான கட்டணம் போதும். வெளியேற்றப்பட்டுவிட்டார் என்றால் 37(1)இன்படி அவருடைய பங்கின் சந்தை மதிப்பில் நூற்றுக்கு 3 கட்ட வேண்டும். 2017க்கு முன் அது ஏழரையாக இருந்தது. தேயிலைத் தோட்டத்தில் ஒரு சகோதரி ஆண்டுக்கு ஒருமுறையாவது பணம் வாங்கியிருந்தாரா, வீட்டுச் சாவி ஒன்று அவரிடம் இருக்கிறதா என்று விசாரித்த பிறகே எந்தப் பிரிவு என்று முடிவு செய்யுங்கள். கட்டணத்தை மிச்சப்படுத்துவதற்காக இல்லாத அனுபவத்தை எழுதினால் குறுக்கு விசாரணையில் அந்தப் பெண்தான் கூண்டில் நின்று தடுமாறுவார்.

முதல்நிலைத் தீர்ப்பாணை கிடைத்ததும் பெரும்பாலான அலுவலகங்களில் கட்டைக் கட்டி மேலே வைத்துவிடுகிறார்கள். நான்கில் ஒரு பங்கு உண்டு என்று எழுதிய தாள் அது. எந்த நான்கில் ஒன்று என்று அதில் இல்லை. இறுதித் தீர்ப்பாணைக்கு மனுப் போட்டு, ஆணையர் அளந்து, எல்லை குறித்து, உட்பிரிவு ஆகிப் பட்டா மாறினால்தான் அந்தப் பெண்ணுக்கு நிலம். முதல்நிலைத் தீர்ப்பாணைக்குப் பின் நீதிமன்றங்கள் தாமாகவே இறுதிக் கட்டத்துக்கு நகர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் கட்டுக்கண்டி எடத்தில் வழக்கில் அறிவுறுத்தியது. நடைமுறையில் வக்கீல் நினைவூட்டினால்தான் நகர்கிறது.

ஆணையர் அளக்க வரும் நாளில் கட்டாயம் நீங்களே போங்கள், குமாஸ்தாவை அனுப்பாதீர்கள். கோத்தகிரிக்குக் கீழே ஒரு சரிவில் அப்படி ஒரு நாள் நின்றது எனக்கு இந்தத் தொழிலில் பெரிய பாடமாக அமைந்தது. நான்கு பங்கு, நான்கும் சம சென்ட். சர்வேயர் தேயிலை வரிசைகளுக்கு நடுவே நாடாவை இழுத்துக்கொண்டு மேலிருந்து கீழே வர, ஆணையர் தாளில் குறுக்காக மூன்று கோடுகளைப் போட்டுவிட்டார். தாளில் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. என் கட்சிக்காரரான தங்கைக்கு ஓடையை ஒட்டிய அடிப் பங்கு வந்திருந்தது. அவர் சண்டை ஏதும் போடவில்லை. மேலே லாரி நிற்கும் தார்ச் சாலையைக் காட்டி, "வக்கீலம்மா, பறித்த கொழுந்தை யார் தலையில் ஏற்றி இவ்வளவு மேடு கொண்டுபோவது? அண்ணன் தோட்டம் வழியாகத்தானே போக வேண்டும், அவர் வேலி போட்டுவிட்டால்?" என்று மட்டும் கேட்டார்.

அங்கேயே ஒரு குறிப்பு மனுவை எழுதி ஆணையரிடம் கொடுத்தோம். ஓரமாக மேலிருந்து அடிவரை ஒரு பொது நடைபாதை விட வேண்டும், ஓடைத் தண்ணீரை நால்வரும் எடுத்துக்கொள்ள உரிமை வேண்டும், கிழக்கு ஓரத்தில் செடி பட்டுப்போன பகுதியை ஒரே பங்கில் தள்ளக் கூடாது என்பவை அதில் இருந்தன. எதிர்த்தரப்பு வக்கீலும் ஒப்புக்கொண்டார், ஏனென்றால் தண்ணீர் அவருடைய கட்சிக்காரருக்கும் தேவைப்பட்டது. ஆணையர் கோடுகளை நெடுக்காக மாற்றினார். நால்வருக்கும் சாலையும் கிடைத்தது, ஓடையும் கிடைத்தது. வழக்கு அந்தச் சரிவில்தான் முடிந்தது என்று சொல்வேன். நீதிமன்றத்தில் மிஞ்சியது கையெழுத்துகள் மட்டுமே.

7 ஜூலை 2025

குற்றவியல் வழக்குகளைத் தொடாதிருங்கள் என்று ஜூன் 9இல் எழுதியதற்குக் கூடலூரிலிருந்து ஒரு வழக்கறிஞர் மறுப்பு எழுதியிருக்கிறார். அவர் சொல்வது சரி. என் கருத்து கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துக்குத்தான் பொருந்தும் என்று நான் சேர்த்திருக்க வேண்டும்.

கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துத் தொழில் வேறு வகை. அங்கே நிலம் என்றாலே ஜன்ம நிலம், அதாவது ஜன்மிகளின் பழைய பரம்பரை உரிமையில் இருந்த நிலம். நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் பழைய உரிமையும், 1969ஆம் ஆண்டு ஜன்ம ஒழிப்புச் சட்டமும், அதன் 17ஆம் பிரிவில் முடிவாகாமல் கிடக்கும் குத்தகைத் தோட்டங்களும் சேர்ந்த பெருஞ்சிக்கல் அது. இந்தியா முழுவதற்குமான காடுகள் பற்றிய கோதவர்மன் வழக்கே 1995இல் அந்தப் பகுதியின் மரவெட்டிலிருந்து தொடங்கியதுதான். அங்கே ஒரு குடும்பத்துக்கு நிலச் சிக்கல் வந்தால் அதோடு வனத்துறை வழக்கும் சேர்ந்தே வரும். கட்சிக்காரரிடம் "நிலத்தை மட்டும் பார்க்கிறேன், வனக்குற்ற வழக்குக்கு வேறு ஆளைப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்திருக்க முடியாது. 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் சட்டங்கள் மூன்றும் மாறியிருப்பதால் இளையவருக்கும் மூத்தவருக்கும் அங்கே ஏறத்தாழ ஒரே தொடக்கக் கோடுதான் என்று அவர் எழுதியதும் சிந்திக்கத்தக்கது.

3 ஆகஸ்ட் 2025

மழைக்காலம் வந்துவிட்டது, ஆகவே நாட்குறிப்பைப் பற்றி.

உதகையில் ஒரு வழக்கு, கோத்தகிரியில் ஒன்று, இரண்டும் காலை பத்தரைக்கு. நடுவில் மலைப்பாதை, மூடுபனி, எங்காவது சாய்ந்து கிடக்கும் கற்பூர மரம். தனியாகத் தொழில் செய்பவர் இதை ஒருநாளும் தனியாகச் சமாளிக்க முடியாது. ஒவ்வொரு நீதிமன்றத்திலும் நம்பிக்கையான ஒருவரோடு மாற்று ஏற்பாடு வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய வழக்குக்கு நீங்கள் இங்கே நிற்பீர்கள், உங்களுடையதற்கு அவர் அங்கே நிற்பார். உயர் நீதிமன்றத்துக்கும் அப்படியே. மேட்டுப்பாளையத்திலிருந்து இரவு நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் சென்னை போனால் இங்குள்ள அலுவலகம் மூடிக் கிடக்கும். சென்னையில் ஒரு நல்ல வழக்கறிஞரிடம் ஒப்படைத்துவிட்டு, கட்டைத் தயாரித்துக் கொடுப்பதை நம் பங்காக வைத்துக்கொள்ளலாம்.

காலவரையறைகளை வாய்தா டைரியில் எழுதாதீர்கள். அவற்றுக்குத் தனி நோட்டு வேண்டும். காசோலை திரும்பிய தகவல் வந்து 30 நாளுக்குள் அறிவிப்பு, அது கிடைத்ததிலிருந்து 15 நாள் தவணை, அதன்பின் ஒரு மாதத்துக்குள் புகார். ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணையை நீக்கக் கேட்க 30 நாள். முன்சீப் தீர்ப்புக்கு மேல்முறையீடு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். தீர்ப்பு சொன்ன அன்றே நகல் மனுப் போட்டுவிடுங்கள், நகலுக்கு ஆகும் காலம் கழிக்கப்படும். என் நோட்டில் கடைசி நாளை எழுதும்போதே அதற்கு ஒரு வாரம் முந்தைய நாளையும் சிவப்பில் எழுதுகிறேன். இப்போது மின்தாக்கல் வந்துவிட்டது. வடகிழக்குப் பருவமழையில் மின்சாரம் போனால் கோத்தகிரியில் கைபேசி கோபுரமும் சேர்ந்து ஓய்ந்துவிடும். கடைசி நாள் மாலையில் ஸ்கேன் செய்ய உட்காருபவருக்கு மலையில் யாரும் உத்தரவாதம் தர முடியாது.

17 ஆகஸ்ட் 2025

எப்போது ஜூனியர் எடுக்க வேண்டும்? இதற்கு நான் முன்பு வேறு பதில் சொல்லியிருப்பேன்.

2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதன்பேரில் பார் கவுன்சில் ஒரு சுற்றறிக்கை விட்டது. சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாய், மற்ற மாவட்டங்களில் 15,000 ரூபாய் குறைந்தபட்ச உதவித்தொகை தர வேண்டும் என்பது அதன் சாரம். நம் ஊரில் பலர் "எங்களுக்கு யார் கொடுத்தார்கள்?" என்று கேட்டார்கள். கொடுக்காததால் யார் தொழிலை விட்டுப் போனார்கள் என்று எண்ணிப் பார்த்தால் அந்தக் கேள்வி நிற்காது. தோட்டத் தொழிலாளியின் மகளாகச் சட்டம் படித்துவிட்டு வந்தவர்களும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களில் முதல் பட்டதாரியாக வந்தவர்களும்தான் முதலில் போனார்கள். வீட்டில் தாங்க ஆள் இருந்தவர்கள் நின்றார்கள்.

எனக்கு அந்தத் தொகை முதலில் பெரிதாகத்தான் பட்டது. பிறகு கணக்கை வேறு வழியில் போட்டுப் பார்த்தேன். ஒரு ஜூனியர் தாலுகா அலுவலகத்திலும் பதிவு அலுவலகத்திலும் முறையாக ஆவணம் தேடினால் மாதம் சில கருத்துரைகள் கூடுதலாக முடிகின்றன. அவருடைய உதவித்தொகை பெரும்பாலும் அதிலேயே வந்துவிடுகிறது. பிராது வரைவை அவர் எழுத, நான் திருத்துவதால் மாலை நேரம் மிஞ்சுகிறது. ஆகவே என் இப்போதைய பதில் இது: கருத்துரை வேலை நிலையாக வரத் தொடங்கியதும் எடுங்கள், வழக்குகள் பெருகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எடுத்தால் முழுத் தொகையைக் கொடுங்கள். பேருந்துக் காசை மட்டும் கொடுத்துக் கட்டுத் தூக்க வைப்பது பயிற்சி ஆகாது. பெண் ஜூனியர்களை மாலை ஆறு மணிக்கு மேல் இருத்தாதீர்கள். ஹட்டிகளுக்குப் போகும் கடைசிப் பேருந்து தவறினால் அந்த இருட்டில் கரடி நடமாடும் பாதையில்தான் அவர்கள் நடக்க வேண்டியிருக்கும்.

18 ஆகஸ்ட் 2025

அலுவலக அறை பற்றிக் கேட்டவருக்கு: மாடி வேண்டாம். நம் கட்சிக்காரர்களில் பாதிப் பேர் முழங்கால் வலியோடு வரும் முதியவர்கள். தரைத்தளத்தில் சிறிய அறை கிடைத்தாலும் போதும். ஈரம் ஏறாத சுவராகப் பாருங்கள், கட்டுகளை மரப்பலகை மேல் அடுக்குங்கள், பத்திரங்கள் இருக்கும் இரும்பு அலமாரிக்குள் ஒரு பல்பு எரியட்டும். பூஞ்சை பிடித்த அசல் பத்திரத்தை நீதிமன்றத்தில் சான்றாவணமாகக் குறியீடு செய்வது எளிதன்று.

14 செப்டம்பர் 2025

இலவச சட்ட உதவிப் பட்டியலில் சேர்ந்தால் பணம் கொடுக்கும் கட்சிக்காரர் வராமல் போய்விடுவார் என்று ஒரு பேச்சு இருக்கிறது. இதை நான் முழுமையாக மறுக்கிறேன். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் சட்ட உதவி உண்டு. இருளர், குறும்பர், பணியர் குடியிருப்புகளில் வன உரிமைச் சட்டத்தின்கீழ் கொடுத்த மனுக்கள் என்ன ஆயின என்று கேட்க ஆளில்லை. அந்தச் சட்டம் 2006இல் வந்தது, நம் மாநிலத்தில் நீதிமன்றத் தடையால் 2016 வரை பட்டா கொடுக்க முடியாமல் கிடந்தது. இந்த வேலையில் கட்டணம் சொற்பம். ஆனால் கிராம சபைத் தீர்மானத்தையும் வன வரைபடத்தையும் வருவாய்ப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும் பயிற்சி வேறெங்கும் கிடைக்காது. நான் நிலத்தைப் படிக்கக் கற்றதில் ஒரு பெரும் பங்கு அங்கிருந்து வந்தது.

லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்தையும் குறைவாக எண்ண வேண்டாம். சமரசமானால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும், மேல்முறையீடும் இல்லை. வாய்தா கட்டணத்தில் பிழைக்கும் அலுவலகத்துக்கு அது நட்டம். முடித்துக் கொடுப்பதற்குக் கட்டணம் பேசியிருக்கும் அலுவலகத்துக்கு அது லாபம். ஜூன் 20இல் கட்டணத்தைக் கட்டம் கட்டமாகப் பேசுங்கள் என்று சொன்னதில் இந்த நோக்கமும் இருக்கிறது. சமரசத்துக்கும் ஒரு கட்டம் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும்.

5 அக்டோபர் 2025

கட்சிக்காரர் வேறு வக்கீலிடம் போகிறேன் என்று கட்டைத் திரும்பக் கேட்கிறார், பாக்கிக் கட்டணம் இருக்கிறது, கட்டை நிறுத்தி வைக்கலாமா என்பது கேள்வி. நிறுத்தி வைக்க முடியாது. கட்டணத்துக்காகக் கட்சிக்காரரின் ஆவணங்களைப் பிடித்து வைக்கும் உரிமை வழக்கறிஞருக்கு இல்லை என்று 2000ஆம் ஆண்டில் ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. வழக்கறிஞர் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் தீர்ப்பு வந்ததை வைத்து ஒருவர் தைரியம் சொல்லியிருக்கிறார். பார் கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கை அப்படியேதான் இருக்கிறது, அதை மறக்க வேண்டாம்.

வக்கீல் மாற்றத்துக்கான ஒப்புதலை அன்றே எழுதிக் கொடுங்கள். பாக்கிக்குத் தனியாகக் கடிதம் எழுதுங்கள், தேவையானால் தனியாக வழக்குப் போடுங்கள். நான் அசல் பத்திரங்களை வாங்கும்போதே இரட்டைப் பட்டியல் எழுதுகிறேன்: பத்திர எண், ஆண்டு, எத்தனை தாள், எந்தத் தாளில் கிழிசல் என்பது வரை. திருப்பிக் கொடுக்கும் நாளில் அதே பட்டியலில் ஒவ்வொன்றாக எண்ணிக் கையெழுத்து வாங்குகிறேன். நீதிமன்றத்தில் குறியீடு செய்யப்பட்டு இன்னும் திரும்பாத பத்திரம் இருந்தால் அதைத் திரும்பப் பெறும் மனுவையும் நானே தயாரித்துக் கட்டோடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன். புது வக்கீல் கையெழுத்துப் போட்டுத் தாக்கல் செய்துகொள்ளலாம்.